நெற்றிக்கு நாலு விரற்கடை

மூக்கண்டப்பள்ளி லைன் வீடு ஒன்றில், ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, தங்கமணியின் உள்ளங்கை காய்ச்சலில் படுத்திருந்த மகளின் நெற்றிக்கு நாலு விரற்கடை மேலே நின்றுபோனது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அன்றைக்கு ஓசூரில் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய், கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் வழக்கமான நெரிசல், மழை இல்லை. தங்கமணி வலது கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்துப் பார்த்தாள். அதுவும் அதே இடத்தில் நின்றது. கன்னத்தைத் தொட முடிந்தது, காலைப் பிடித்துவிட முடிந்தது, நெற்றியில் உள்ளங்கையை வைப்பது மட்டும் வரவில்லை. ஒன்பதாவது படிக்கும் தர்ஷினி கண்ணைத் திறந்து, "என்னம்மா, தொட்டுத்தான் பாரேன்" என்றாள்.

இது எங்கே தொடங்கியது என்று கேட்டால், கம்பெனியிலிருந்துதான் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மாடசாமியைக் கட்டிக்கொண்டு ஓசூர் வந்த தங்கமணி, கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் நின்றாள். இடது கையால் வயரை எடுக்க வேண்டும், வலது கையால் பிளாஸ்டிக் முனையில் சொருக வேண்டும், 'க்ளிக்' என்று கேட்க வேண்டும், டேப் சுற்றித் தட்டில் போட வேண்டும். எல்லாம் நாற்பத்திரண்டு விநாடிக்குள். ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் பூபதி காகிதங்களை நீட்டுவார். பென்சிலால் டிக் போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சி கொடுத்தோம், கையுறை கொடுத்தோம், குறையொன்றும் இல்லை என்று அதில் என்னென்னவோ இருக்கும். வாசித்துப் பார்த்தவள் அந்த லைனில் ஒருத்திகூடக் கிடையாது. வாசித்துக்கொண்டு நின்றால் விநாடி யாருக்காகக் காத்திருக்கும்? ஒருநாள் அவள் நின்ற இடத்தில் ஓர் இயந்திரக் கை வந்து நின்றது. அன்றைக்கும் டிக் போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்கு அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து சுப்ரியா வந்தாள். நடனம் அமைப்பவள், முப்பது வயதுக்குள் இருக்கும், தோளில் சாக்குப் பை. அங்கே ஒரு மியூசியத்தில் இரண்டு மாதம் நடக்கப்போகும் நடனத்துக்கு ஆள் தேடுகிறாளாம். மேடை கிடையாது, பாட்டு கிடையாது. சிலைகளும் படங்களும் இருக்கிற கூடத்தில், தரையில் ஒட்டிய வெள்ளைக் கோட்டுக்குள், காலை பதினொன்றிலிருந்து மாலை ஆறு வரை ஆட வேண்டும். பார்க்கிறவர்கள் சுற்றி வருவார்கள், போவார்கள். "எனக்கு ஆடவே தெரியாதே கண்ணு" என்று தங்கமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க ஆட வேணாங்க்கா. லைன்ல செஞ்சதைச் செஞ்சாப் போதும். வயர் மட்டும் இருக்காது" என்றாள் சுப்ரியா.

வயர் இல்லாமல் செய்தாள். முதல் நாள் கூச்சத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. மூன்றாம் நாள், வெறும் விரல்களுக்கு நடுவில் 'க்ளிக்' என்று கேட்டது. கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. அதன் பிறகு கூட்டம் கூடியது. பன்னிரண்டு வருடத்தில் தட்டு நிறைந்ததா என்று மட்டும் பார்த்த உலகம், முதன்முதலாக அவள் கையைப் பார்த்தது. பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆறாம் வாரத்தில் தர்ஷினி உடம்பு சரியில்லாமல் பள்ளிக்குப் போகாமல், அம்மாவோடு வந்து கோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கட்டுக்கு நடுவில் தங்கமணி நாலு எட்டு நடந்து, மகளின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அடுத்த வயரை எடுத்தாள். ஒரு வயதான ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா, இதையும் வெச்சுக்கலாமா?" என்று சுப்ரியா ஓடிவந்து கேட்டாள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டால் கொடுக்கிற மாதிரி, "வச்சுக்கோம்மா, அதுக்கென்ன" என்றாள் தங்கமணி.

கடைசி நாளன்று மியூசியம் அந்த நடனத்தை விலைக்கு வாங்கியது. படத்தை வாங்குகிற மாதிரி, சிலையை வாங்குகிற மாதிரி, நடனத்தையும் வாங்குவார்களாம். ஓர் ஆள் காகிதங்களை நீட்டினான். ஏழு இடத்தில் பென்சில் டிக் இருந்தது. தங்கமணி ஏழிலும் கையெழுத்துப் போட்டாள்.

முதலில் போனது வேலை. சூளகிரிப் பக்கம் ஒரு புதுக் கம்பெனியில் வயரைக் கொடுத்துச் செய்யச் சொன்னபோது, விரல்கள் முனைக்கு அருகே போய் அப்படியே நின்றன. அதை அவள் தாங்கிக்கொண்டாள். வீடு பெருக்குகிற வேலையாவது கிடைக்காதா என்றுதான் நினைத்தாள். நெற்றியும் போய்விட்டது என்று தெரிந்த ஆடிச் செவ்வாயில்தான் அழுதாள், அதுவும் வாய்விட்டு. வீட்டுக்காரம்மா நாராயணம்மா எட்டிப் பார்த்து, தெலுங்கு கலந்த தமிழில், "ஏமம்மா இது, திருஷ்டிதான், வேற ஒண்ணுமில்ல" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். ஆஸ்பத்திரியில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாலும் கை இறங்கவில்லை.

"ஏட்டி, எதை எழுதிக் குடுத்துட்டு வந்த? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு தடவ வாசிக்கப்படாது?" என்று குதித்தான் மாடசாமி.

"நீரு இன்னைக்குக் காலையில போட்டீரே, வாசிச்சீரா?" என்றாள். அவனும் இரும்பு அடிக்கிற கம்பெனியில் தினம் டிக் போட்ட இடத்தில் போடுகிறவன்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

சுப்ரியாவிடமே போய்க் கேட்டாள். அவள் கூடத்துக்கே கூட்டிப்போய்ச் செய்துபார்க்கச் சொன்னாள். மியூசியத்துக்குள், வெள்ளைக் கோட்டுக்குள் நின்றால் கை இறங்கியது. அதனால் ஆறு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் அத்திப்பள்ளி வழியாகப் பஸ் ஏறிப் போய், நுழைவுச் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, நெற்றியைத் தொட்டுக்கொண்டு வந்தார்கள். தொடுவதற்கு வரிசையில் நின்ற தாயை இந்த வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. ஏழாவது ஞாயிறு கோட்டைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். நடனத்தை ஜெர்மனியில் ஒரு மியூசியத்துக்கு இரவல் கொடுத்துவிட்டார்களாம். அங்கே ஒரு பெண்ணுக்கு வீடியோவைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்களாம். "நேர்ல போய்ச் சொல்லித் தரலாம்னு பாத்தேங்க்கா. எனக்கே கை தூக்க வரல" என்று சொல்லி சுப்ரியா தன் கையை உயர்த்திக் காட்டினாள். அதுவும் பாதி வழியில் நின்றது. அவளும் ஏழு இடத்தில் போட்டிருந்தாள். அவள் மேல் கோபப்படத் தங்கமணிக்கு அதற்கப்புறம் மனசு வரவில்லை.

அந்த வாரத்திலேயே கணக்கு வகுப்பில் தர்ஷினியின் நெற்றியில் ஒரு கை வந்து பதிந்தது. மணி மூன்று. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தார், பக்கத்தில் யாரும் இல்லை. மறுநாளும் மூன்றுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னாள். தங்கமணி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எப்பிடிட்டி இருந்துச்சு?"

"சில்லுனு இருந்துச்சு. ஏதோ சோப்பு வாசம்." கொஞ்சம் தயங்கினாள். "நல்லாத்தாம்மா இருந்துச்சு."

நல்லாத்தான் இருந்ததாம்! பன்னிரண்டு வருடம் டேப் பசை ஒட்டிய கை வைத்துப் பார்த்த நெற்றி அது. அந்த ஜெர்மன்காரியைத் தங்கமணி மனதார வெறுத்தாள். அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, அந்தப் பெண்ணும் எங்கேயோ டிக் போட்ட இடத்தில்தான் போட்டிருப்பாள் என்றும் நினைத்தாள். வெறுப்பு அதனால் குறையவில்லை.

ஐப்பசியில் தர்ஷினிக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே நெற்றியிலிருந்த முடியைத் தானே ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடித் தயாராகப் படுத்தாள். கை வந்ததும் முகம் தளர்ந்தது. தங்கமணி பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காய்ச்சல் அடிக்கிறது அவளுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. தொட்டுட்டுப் போயிரும்."

இப்போது லைன் வீட்டில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. மூன்று மணிக்குத் தர்ஷினியோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்கிறார்கள். நாராயணம்மா அதை வைத்து மணி தெரிந்து மாத்திரை போட்டுக்கொள்கிறாள். தங்கமணி மெடிக்கலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறாள், காய்ச்சல் எவ்வளவு என்று அது சொல்லிவிடுகிறது. திங்கட்கிழமை ஜெர்மனியிலிருக்கிற அந்த மியூசியத்துக்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் தர்ஷினியின் நெற்றியை யாரும் தொடுவதில்லை.