தலைவர் மறைத்த மதில்

பெயின்ற் கடைக்காரனின் மதிலிலேயே கை வைத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சுபஹு தொழுதுவிட்டு வந்த நளீர், வாசலில் அப்படியே நின்றார். மதிலில் நீல நிறத்தில், ஆளுயரத்துக்கு: ‘கடல்புயல் வி.க. மோதிப் பார்.’ ஏதோ பொடியன்களின் விளையாட்டுக் கழகம்.

பேசாமல் அழித்திருந்தால் அரைமணித்தியால வேலை. கடையில் வெள்ளைப் பெயின்ற் வாளி வாளியாக அடுக்கிக் கிடக்கிறது. ஆனால் நளீருக்குக் கோபம். எழுதின கையைப் பிடிக்க வேண்டும் என்று வெள்ளாப்புமுனை நகரசபைக்குப் போன் எடுத்தார். அங்கேதான் காரியம் பிழையாய்ப் போனது.

சபை வாகனம் வந்தது. இறங்கியவர் பவிதரன், நகர அழகுபடுத்தல் பிரிவு உத்தியோகத்தர். மதிலைப் படம் எடுத்தார். கூட வந்த ஆளிடம் கண்ணைக் காட்டினார். அவன் சிவப்புப் பெயின்ற் தகரத்தைத் திறந்து, கடல்புயலுக்குக் கீழே அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதினான்:

‘உரிமையாளர் எம்.ஐ. நளீர். விசாரணையில் உள்ளது. அழிப்பது குற்றம்.’

“என்ன தம்பி செய்யிறீங்க?”

“தடயத்தப் பாதுகாக்கிறம் காக்கா. தனியார் மதில்ல எழுத்து இருந்தா உரிமையாளர்தான் பொறுப்பு. புதுச் சட்டம்.”

“நான் பொறுப்பெண்டா நானே அழிச்சிடறன்.”

“விசாரணை முடியாம அழிச்சா அது வேற குற்றம்.”

“விசாரணை எப்ப முடியும்?”

“எழுதினவனப் பிடிச்சதும்.”

“எப்ப பிடிப்பீங்க?”

“அது பொலிஸிட வேலை. நாங்க அழகுபடுத்தல்.” பவிதரன் இரண்டடி பின்னால் போய் நின்று, சிவப்பு எழுத்தைத் திருப்தியோடு பார்த்தார்.

வாகனம் போனதும் மனைவி றம்லா வெளியே வந்தாள். மதிலை வாசித்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை ஆர் வாறாங்க எண்டு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. மூத்த மகள் சிபானாவுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை பக்கத்தார் வீடு பார்க்க வருகிறார்கள். இந்தக் கரையில் பெண் பார்ப்பது பாதி, வீடு பார்ப்பது மீதி. கல்யாணத்தோடு வீடும் வளவும் சிபானாவின் பேருக்குப் போகும். மாப்பிள்ளை றிப்தி இங்கேதான் வந்து வாழ வேண்டும். றிப்தியின் மாமா அபுல் ஹஸன் காணி விஷயத்தில் துருவித் துருவிக் கேட்கிற மனுஷன். வேலி ஒரு முழம் தள்ளியிருந்ததென்று ஒரு சம்பந்தத்தையே முறித்தவர். அவர் கண்ணில் ‘விசாரணை’ பட்டால்?

“மாப்பிள்ளைக்கு வாசல்லயே வழக்கு,” என்றாள் றம்லா. “நல்லாத்தான் அழகுபடுத்தியிருக்கீங்க.”

சிபானா வாசலுக்கு வந்து மதிலை ஒருதரம் வாசித்துவிட்டு உள்ளே போனாள். றிப்தியை அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அவள் திரும்பிப் போன விதம்தான் நளீரைச் சுட்டது.

வியாழக்கிழமை கடைக்குப் போகும் வழியெல்லாம் சபைத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். ‘பிறந்தநாள் வாழ்த்து.’ ‘உம்றா முடித்து வரும் தலைவரே வருக.’ ‘வடிகான் துப்பரவாக்கியமைக்கு நன்றி.’ கொஞ்ச நாளாகவே ஊரில் மதிலுக்கு மதில் பதாகை. சனத்துக்கு இந்த மனுஷனில் என்ன திடீர்ப் பாசம் என்று யோசித்துக்கொண்டே போன நளீர், சட்டென்று மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் பிடித்தார்.

தலைவரின் முகத்தில் கை வைக்க இந்தச் சபையில் எவனுக்குத் துணிவு வரும்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பே பதாகை ஏறிவிட்டது. ‘தலைவரின் சேவைக்கு நன்றி. நளீர் குடும்பத்தார்.’ நீலமும் சிவப்பும் தலைவரின் பல்வரிசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.

அஸருக்குப் பிறகு மாப்பிள்ளை பக்கம் வந்தது. அபுல் ஹஸன் வீட்டுக்குள் போகவில்லை. நேரே பதாகையிடம் நடந்தார். கீழ்மூலையைப் பிடித்துத் தூக்கினார். தலைவரின் நாடி மடங்கி மூக்கோடு ஒட்டியது.

“எங்கட மதில்லயும் இதான்,” என்றார் அபுல் ஹஸன். “நாங்க பிறந்தநாள் போட்டிருக்கம். பக்கத்து வீட்டான் உம்றா போட்டிருக்கான். தலைவர் உம்றாவுக்கு இன்னும் போகவேயில்ல.”

“அப்ப ஊர் முழுக்க…?”

“பின்ன? பாசமெண்டா நினைச்சீங்க?”

நளீருக்கு மூச்சு வந்தது. ஆனால் அபுல் ஹஸன் பதாகையை விடவில்லை. இன்னும் உயர்த்தி, சிவப்பு எழுத்தைச் சொல் சொல்லாக வாசித்தார். முதல் வரியில் விரலை வைத்தார்.

“உரிமையாளர் எம்.ஐ. நளீர்.” தன் ஆட்களிடம் திரும்பினார். “இனிக் காணிக் கந்தோருக்கு அலையத் தேவையில்ல. வளவு ஆருட எண்டு சபையே எழுதி வெச்சிருக்கு. வாங்க, உள்ள போவம்.”

யன்னல் சீலைக்குப் பின்னால் சிபானா சிரித்தது வெளியே வரை கேட்டது.

திங்கட்கிழமை பவிதரன் திரும்ப வந்தார். இந்த முறை வெள்ளைப் பெயின்ற் வாளியோடு.

“காக்கா, நல்ல செய்தி. ஊர்ல பதாகையெல்லாம் பாத்து தலைவர் நெகிழ்ந்திட்டார். விசாரணை எல்லாம் ரத்து. எழுத்த அழிக்கச் சொல்லிட்டார்.”

நளீர் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்தார். வாளிக்கும் மதிலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

“நிக்காஹ் முடியட்டும் தம்பி. அதுவரைக்கும் ஒரு எழுத்திலயும் கை வைக்கக் கூடாது. இது தனியார் மதில்.”