இறால் ஓடு

டைல்ஸ்காரருக்கு முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. மண்டியிட்டுத் தரை போடுகிறவருக்கு அது போனால் எல்லாமே போன மாதிரி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்காரப் பயமாக இருந்தது. மனைவியின் தம்பி ஒரு டப்பா மாத்திரை கொண்டுவந்து கொடுத்தான்.

"மூட்டுக்கு நல்லதாம் மாமா. போட்டுத்தான் பாருங்களேன்."

போட்டார். மாத்திரை கேட்டதோ, முழங்காலில் கட்டிக்கொண்ட பஞ்சுப் பட்டை கேட்டதோ, மெல்ல மெல்ல வலி இறங்கியது. மனைவி இரண்டாவது டப்பா வாங்கிவந்தாள். சாப்பாடு ஆகும்வரை பொழுது போகாமல், அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். இறால், நண்டு ஓட்டிலிருந்து தயாரிக்கப்பட்டது என்று இருந்தது.

அவருக்கு இறால் ஆகாது. பெண் பார்க்க வந்தபோதே அவருடைய அம்மா கறாராகச் சொன்ன விஷயம் அது. இறால் என்றால் உயிரையே விடும் மனைவி, கல்யாணத்துக்குப் பிறகு அதை வாசற்படி தாண்ட விட்டதில்லை.

லேபிளைப் படித்து முடிப்பதற்குள் அவருக்குக் கழுத்து அரித்தது. பிறகு காது.

"இத்தனை நாளா அரிக்கலையே?" என்றாள் மனைவி.

"இப்பதானே படிச்சேன்."

மருந்துக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எதுக்கும் மாத்திரையை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. கடைசியா எப்ப இறால் சாப்பிட்டு வீங்குச்சு?"

டைல்ஸ்காரர் யோசித்தார். வீங்கிய ஞாபகம் இல்லை. சாப்பிட்ட ஞாபகமும் இல்லை.

கடை வாசலிலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டார். மனைவி காதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு எங்கடா? எனக்குத்தான் ஆகாது," என்றாள் அக்கா. "ரெண்டு சமையல் பண்ண அம்மாவுக்கு அலுப்பு. உனக்கும் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. இன்னுமா நம்பிட்டு இருக்கே?"

வீடு வரும்வரை மனைவி இரண்டடி முன்னாலேயே நடந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கென்று பிடிபடவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றாள் அவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

டாக்டர் அவருடைய கையில் ஒரு சொட்டு இறால் சாற்றை விட்டு, ஊசியால் கீறி உட்காரவைத்தார். பிறகு அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றுமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். டைல்ஸ்காரர் சட்டைக் கையை இறக்கிவிடுவதற்குள் மனைவி வாசலுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து நேராக மீன்கடை.

அன்று அவள் தட்டிலிருந்து தலை தூக்காமல் சாப்பிட்டாள். இவளுக்கு இப்படிச் சாப்பிடத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. அவரும் ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"எப்படி இருக்கு?"

"ரப்பர் மாதிரி இருக்கு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் தட்டைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ இளகியது.

"சரி, இப்படித் தள்ளுங்க."

தள்ளினார்.

"முட்டை பொரிச்சுத் தரவா?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர எழுந்திருக்கவில்லை. அவரே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.