பிராசஸருக்கும் பாகப்பிரிவினை

சீச்சீ, வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். அப்பா விட்டுப்போன ரத்தப் பரிசோதனைக் கூடத்தை அண்ணன்கள் இருவரும் பங்கு போட்டபோது நாற்காலி, மேசை, குப்பைக்கூடை வரைக்கும் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்க முடியாமல் மிஞ்சியது சர்வர் ஒன்றுதான். அந்த ஒரே பெட்டிக்குள், தனித்தனிக் கணினி போலவே நடந்துகொள்ளும் மூன்று மெய்நிகர் கணினிகள் ஓடின: பெரியண்ணனின் கணக்குக்கு ஒன்று, சின்னண்ணனின் பில்லுக்கும் கேமராவுக்கும் ஒன்று, பரிசோதனை முடிவுகளுக்கு ஒன்று. மூன்றாவதை யாரும் உரிமை கொண்டாடவில்லை. அதனால் அது தங்கை தலையில் விழுந்தது, மொத்த சர்வரையும் கட்டி மேய்க்கும் வேலையோடு.

பெட்டிக்கு மூளையாக இருப்பதோ எட்டே எட்டு பிராசஸர். அண்ணன்களுக்கு ஆளுக்கு மூன்று, முடிவுகளுக்கு இரண்டு என்று அவள் ஒழுங்காகத்தான் ஒதுக்கியிருந்தாள். ஒருநாள் பெரியவன் தனியாக வந்து, தன்னுடையதை எட்டாக்கச் சொன்னான். தம்பிக்குத் தெரிய வேண்டாமாம். மறுநாளே சின்னவனும் வந்து அதையே குசுகுசுத்தான். இருப்பதற்கு மேல் எழுதிக் கொடுத்தாலும் சர்வர் வாயைத் திறக்காது, வேலை என்று வரும்போதுதான் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி வைக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். நீ யார் பக்கம் என்று கேட்டார்கள். நச்சரிப்புத் தாங்காமல் இருவருக்கும் எட்டெட்டாகப் போட்டுத் தொலைத்தாள்.

இன்று அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. பொட்டாசியம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மருந்து ஏற்ற முடியும் என்று டாக்டர் போனில் கத்துகிறார். ரத்தம் இங்கே வந்து, பரிசோதனையும் முடிந்துவிட்டது. கருவிக்குத் தனித் திரை கிடையாது, எண் வந்தால் அந்த மூன்றாவது கணினியில்தான் வர வேண்டும். அதுவோ உறைந்துபோய் நின்றது. பெரியவன் மாதக் கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தான், சின்னவன் பழைய கேமராப் பதிவுகளைச் சுருக்கிக்கொண்டிருந்தான். எட்டு பிராசஸரும் அவர்களுக்கே சரியாய்ப் போயிற்று.

தங்கை ஓடிப்போய் அம்மாவுக்காக என்று சொல்லிக் கெஞ்சினாள்.

"அவனை மொதல்ல நிறுத்தச் சொல்லு. நான் மட்டும் இளிச்சவாயனா?" என்றான் பெரியவன், திரையை விட்டுத் தலையைத் திருப்பாமலே.

சின்னவனும் அதையேதான் சொன்னான்: அண்ணன் நிறுத்தட்டும், அடுத்த நிமிஷம் நானும் நிறுத்துகிறேன் என்று. பெற்றவளுக்காகக்கூட ஒருவன் முந்திக்கொள்ள மாட்டானாம்.

இந்த ஜென்மங்களோடு ஒரே வயிற்றில் பிறந்தோமே என்று நொந்துகொண்டே அவள் சர்வர் அறைக்குள் போய், இரண்டு பேருடைய கணினிகளையும் அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் எண் வந்து விழுந்தது. அதை டாக்டரிடம் வாசித்தாள். இது போதும், உடனே மருந்தை ஏற்றிவிடுகிறேன் என்று அவர் போனை வைத்தார்.

கதவு படாரென்று திறந்தது. அண்ணன்கள் இருவரும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். அம்மாவைப் பற்றித்தான் கேட்கப்போகிறார்கள் என்று பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தாள், பைத்தியக்காரி.

"யாரோடதை மொதல்ல நிறுத்தினே?" என்றான் பெரியவன்.

சின்னவனும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.