முன்வரிசை நாற்காலி

"கேஸைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று டிரைவரம்மா சொன்னதும் இஸ்திரிக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்புறம் துணைக்குன்னு எதுக்கு வந்தீங்க? காத்து வாங்கவா?"

"நீங்க சொல்லி நான் கேட்டேன்னா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிச்சிடுவாரு. அதை உள்ள போய்ச் சொல்லுங்க. இங்க வேற ஏதாவது பேசுவோம்."

டிரைவரம்மா இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். இப்போது சம்பளமில்லாமல் கோர்ட்டில் சாட்சிகளுக்குத் துணையிருக்கிறாள். வழி காட்டுவாள், தண்ணீர் தருவாள், கழிவறை வரைகூட வருவாள். சாட்சியத்தை மட்டும் காதில் வாங்க மாட்டாள். ஆகவே இருவரும் காத்திருப்பு அறையில் ஒன்றரை மணி நேரம் மைக்கறை எடுப்பதைப் பற்றிப் பேசினார்கள்.

பேசக்கூடாத கதை சின்னதுதான். பக்கத்துக் கடை மொத்த வியாபாரி தன் பெட்டிகளை இவள் கடை வாசலில் அடுக்கினான். எடுக்கச் சொன்னாள், எடுக்கவில்லை. இவளே வாசற்படியில் குனிந்து ஒன்றை நகர்த்தினாள். அவன் இவள் கடை ஷட்டரைப் பிடித்து இவள் கைமேல் இழுத்து இறக்கினான். வலது கையில் மூன்று விரல்கள் இனி மடங்காது. இஸ்திரி போடுகிறவளுக்கு அது என்ன கொடுமை என்று சொல்லவே வேண்டாம்.

பட்டப்பகலில் மூன்று கடைக்காரர்கள் பார்த்தார்கள். போன வாய்தாவில் இரண்டு பேர் பல்டி அடித்துவிட்டார்கள். ஒருவருக்கு அன்று கண்வலியாம், இன்னொருவர் கடையே திறக்கவில்லையாம். மிச்சம் எதிர்க்கடைச் சாவிக்காரர். அவரும் பத்து நாளாக இவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரும் கவிழ்ந்தால் வியாபாரி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

முதலில் இவளைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியதும், முந்தின நாள் காலிக் கோர்ட்டில் டிரைவரம்மா காட்டியபடி, இரண்டு பாதங்களையும் நீதிபதி பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். கேள்விக்குத் தலை திரும்பலாம். பதில் நீதிபதிக்குத்தான் போக வேண்டும். வியாபாரியின் வக்கீலுக்கு அது பிடிக்கவில்லை.

"கேக்கறது நான். என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"கேக்கறது நீங்க, முடிவு பண்றது அவங்கதானே சார்? அவங்க காதுல விழட்டும்."

நீதிபதியம்மா குனிந்து ஏதோ எழுதினார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

வக்கீல் விடவில்லை. "உங்களுக்குக் கோபம் ஜாஸ்தின்னு தெருவே சொல்லுது. ஆத்திரத்துல நீங்க கவனிக்கல, ஷட்டர் தானா இறங்கிடுச்சு. அப்படித்தானே?"

"கோபம் ஜாஸ்திதாங்கம்மா, ஒத்துக்கறேன். ஆனா அது துருப்பிடிச்ச ஷட்டர். தினம் ராத்திரி நான் தொங்கி இழுத்தாத்தான் இறங்கும். தானா இறங்கற ஷட்டருக்கு நான் ஏன் இத்தனை வருஷம் இடுப்பை ஒடிச்சுக்கிட்டேன்?"

நாற்பது நிமிடம் குடைந்தார். மனதுக்குள் பயம்தான், ஆனாலும் இவள் அசைந்து கொடுக்கவில்லை. கூண்டிலிருந்து இறங்கி நேரே டிரைவரம்மாவிடம் வந்தாள்.

டிரைவரம்மா பையை எடுத்துக்கொண்டாள். "கிளம்பலாமா?"

"இங்கேயே உக்காரலாமா?"

"சாட்சி சொல்லி முடிச்சாச்சே, தாராளமா உக்காரலாம். ஆனா வாயைத் திறக்கக்கூடாது, சைகை காட்டக்கூடாது."

"நான் ஏன் திறக்கறேன்? பொய் சொல்றவங்க என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்."

கூண்டுக்கு நேர் எதிரே முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. விறுவிறுவென்று போய் அதில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். வியாபாரி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான்.

சாவிக்காரர் உள்ளே வந்தார். அவள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தார் போல. கூண்டில் ஏறி நிமிர்ந்தவர் அவளைக் கண்டதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"அன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"நான் அப்போ குனிஞ்சு அரத்தால சாவி ராவிக்கிட்டு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். அவள் கண் கொட்டவில்லை.

"இல்லைங்கம்மா. குனியல. பார்த்தேன். ரெண்டு கையாலயும் இழுத்து இறக்கினாரு."

வியாபாரியின் வக்கீல் துள்ளி எழுந்து ஏதோ கத்தினார்.

"இருங்க சார்" என்றார் சாவிக்காரர். "நான் இன்னும் முடிக்கல."