கிணத்துக்கடவு மில்லுக்கு விற்ற பதினெட்டு கம்ப்யூட்டர்

பிரவீனாவுக்கு அந்த மேனேஜர் நாற்காலி வேண்டும். கோயமுத்தூர் கிளை மொத்தத்துக்கும் மார்க்கெட்டிங் மேனேஜர். அதுக்காகத்தான் ஆறு வருஷமாகக் கைனடிக் ஹோண்டாவில் மில் மில்லாக அலைந்து கம்ப்யூட்டர் விற்றாள். அவள் எப்படியென்று பார்க்க, தொண்ணூற்றேழு தை மாசத்தில் பெங்களூர் தலைமை ஆபீசிலிருந்து சசிதர் வந்திறங்கினார். பெரிய கம்பெனிக்காரன் சும்மா வரமாட்டான். எதையாவது தோண்டிப் பார்க்கத்தான் வருவான்.

"உங்க பெரிய ஆர்டர் எதும்மா?"

"கிணத்துக்கடவு லட்சுமணசாமி மில்லுங்க சார். ஒரே ஆர்டர்ல பதினெட்டு மெஷினுங்க."

"வாங்க, போய்ப் பாத்துருவோம்."

நூல் இருப்பு, சம்பளப் பட்டியல் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில்தான் ஓடுது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பொய்யில்லை, அப்படித்தான் நம்பியிருந்தாள். மாட்டிக்கொடுக்க ஆள் அனுப்பட்டுங்களா என்று அப்போதே கேட்டதுக்கு, எங்க எலெக்ட்ரீசியனே பாத்துக்குவானுங்க என்று மில்காரர் சொல்லிவிட்டார்.

போய் இறங்கியதும் மில்காரர் லட்சுமணசாமி இளநீர் வெட்டச் சொன்னார். "மெஷினு எங்கீங்க ஓடிப்போகுது? மொதல்ல குடிங்க."

சசிதர் விடவில்லை. கடைசியில் கிடங்குச் சாவி வந்தது. பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால், மெஷினுக்கு இரண்டு வீதம் முப்பத்தாறு அட்டைப்பெட்டி. ஒட்டின டேப் ஒன்றுகூடக் கிழியவில்லை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பெட்டிக்குப் பெட்டி காய்ந்து கிடந்தது.

பிரவீனா ஒரு பெட்டியின் டேப்பைத் தடவிப் பார்த்தாள். "ஏனுங்க பிரிக்கவே இல்ல?"

"நமக்கெதுக்கு அம்மணி அது? கணக்கப்பிள்ளைக்கு நோட்டே போதுமுங்க."

"அப்புறம் எதுக்குங்க வாங்குனீங்க?"

"ஏழு தடவ வெயில்ல வந்து நின்னீங்க. வேண்டாம்னு எந்த வாயில சொல்றதுங்க?"

அந்த ஏழாவது தடவை தான் பேசிய பேச்சில்தான் மனுசன் மடங்கினார் என்று வீட்டில் எத்தனை முறை பேசிக்காட்டியிருப்பாள். எல்லாம் இரக்கம். நாற்காலி போச்சு என்று சசிதரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தேவையே இல்லாதவருக்குப் பதினெட்டு. இதுதாம்மா மார்க்கெட்டிங்." மில்காரர் பக்கம் திரும்பினார். "இவங்களை மேனேஜராக்கலாம்னு இருக்கோம். இந்த மாசம் இன்னொரு பத்து ஆர்டர் வந்தா மேலிடத்துல யாரும் வாயே திறக்க மாட்டாங்க."

வேண்டாமுங்க என்று சொல்லத்தான் பிரவீனா வாயெடுத்தாள். லட்சுமணசாமி முந்திக்கொண்டார்.

"அவ்வளவுதானுங்களா? அம்மணி உத்தியோகத்துக்குன்னா வாங்கிப்போட்டாப் போச்சு. எடந்தான் கெடக்குதுங்களே."

பெட்டிமேல் ஆர்டர் புக் விரிந்து கிடந்தது. அதைச் சசிதர் எடுத்து விரிக்கவில்லை, அவர் கை இரண்டும் பேன்ட் பைக்குள் இருந்தது. தன் கைப்பை திறந்திருப்பதைப் பிரவீனா அப்போதுதான் பார்த்தாள். பத்து என்று அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. கார்பன் தாளைக்கூட நேராக வைத்திருந்தாள்.