சுவரில் ஒட்டிய காகிதம்

காலை ஏழு மணிக்குப் பார்த்தால் சுவரில் அந்தக் காகிதத்தைக் காணோம்.

சாவியக்கா சுவரடியில் குனிந்து தேடினாள். ஊர்ப் பொதுக்கூடத்தின் சாவி பதினோரு வருஷமாக அவள் இடுப்பில்தான் தொங்குகிறது. சொந்தப் பெயரை ஊரே மறந்தாயிற்று. பெருக்குவது, உடைந்த ஓட்டை மாற்ற ஆள் பிடிப்பது, கூட்டம் முடிந்தால் நாற்காலிகளை அடுக்குவது எல்லாம் அவள் பாடு. இரண்டு மாதத்துக்கு முன்னால் மேற்குச் சுவரில், உத்தரம் வந்து உட்காரும் இடத்துக்குக் கீழே, விரிசல் விட்டது. பார்க்க வந்த கொத்தனார் அதன் குறுக்கே ஒரு துண்டுக் காகிதத்தைப் பசை தடவி ஒட்டினார். "இது முழுசா இருக்கிற வரைக்கும் பயமில்ல. கிழிஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு ஈ காக்கா உள்ள போகக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. இந்த நாலு நாளாகத்தான் பார்க்கவில்லை. இன்று இதே கூடத்தில் அண்ணன் மகள் கல்யாணம். சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் தையல்காரர் வீட்டுக்கும் பூக்கடைக்கும் அலைந்ததில் விட்டுப்போயிற்று. அதில் இரண்டு நாள் அடைமழை வேறு.

"அந்த அழுக்குக் காகிதமா? நேத்து தண்ணி தொட்டுச் சுரண்டி எடுத்துட்டேன்" என்றாள் அண்ணி, ஜன்னலில் பூச்சரம் கட்டிக்கொண்டே. "போட்டோவுல அசிங்கமா விழும்ல?"

"எடுக்கும்போது கிழிஞ்சிருந்துச்சா அண்ணி?"

"சுரண்டினா கிழியாம?"

"சுரண்டுறதுக்கு முன்னாடி."

"அதையெல்லாம் யாரு கவனிச்சா?"

குப்பைக்கூடையைக் கொட்டித் துழாவினாள். கிடைத்தது, துண்டு துண்டாக. எந்தக் கிழிசல் சுவருடையது, எது அண்ணியின் நகத்துடையது என்று சாமியே வந்தாலும் சொல்ல முடியாது. நாற்காலிமேல் ஏறி விரிசலில் விரலை வைத்தாள். பெரிதான மாதிரியும் இருந்தது, ஆகாத மாதிரியும் இருந்தது. கொத்தனாருக்குப் போன் போட்டாள். அவர் வெளியூரில் இருந்தார்.

"கிழிஞ்சிருந்துச்சா?"

"தெரியலையே."

"உங்களுக்கே தெரியலன்னா நான் என்னத்தச் சொல்றது? சாயங்காலம் வந்து பாக்குறேன்."

சாயங்காலம்! பத்து மணிக்கு இருநூறு பேர் வந்து அந்தச் சுவரோரம் உட்காரப்போகிறார்கள்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் முதலில் சிரித்தான். அவள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்களை வெளியே போகச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "நாப்பது வருஷம் நின்ன சுவரு, இன்னிக்கு ஒரு பொழுது நிக்காதா?"

"நிக்கும்ணே. நிக்கலன்னா?"

"போன வாரம் ஊர்க்கூட்டம் இங்கதான நடந்துச்சு? என் பொண்ணுக்குன்னா மட்டும் விழுமா?"

போன வாரம் காகிதம் இருந்தது என்று சொன்னால் யாருக்குப் புரியும்? எல்லோரையும் வெளியேற்றினாள். கதவைப் பூட்டினாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல், "இனிமே எங்க வீட்டுப் படி ஏறாத" என்றான்.

கல்யாணம் வாசல் மரத்தடியில் நடந்தது. அரை நிழல்தான், மீதி வெயில். பாதிப்பேர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். மணப்பெண்ணின் கண்மை வியர்வையில் கரைந்து இறங்கியது. அத்தை நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை. 'நல்லாத்தான இருக்கு கட்டடம்' என்று யாரோ முணுமுணுத்தது சாவியக்காவின் காதில் விழுந்தது.

அவள் மட்டும் ஜன்னலோரமாக நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் கல்லுப்பிள்ளையாராட்டம் நின்றது. ஒரு பொட்டுத் தூசி உதிரவில்லை. விழுந்துவிடேன், என்று மனசு கெஞ்சியது. முழுசாக வேண்டாம், ஒரு பிடி காரையாவது. பதினோரு வருஷம் பெருக்கித் துடைத்த கூடத்தைப் பார்த்தா இப்படி நினைக்கிறோம் என்று அவளுக்கே பகீரென்றது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. உள்ளே, அவசரத்தில் அணைக்க மறந்த ஆறு மின்விசிறிகளும் இருநூறு காலி நாற்காலிகளுக்குச் சுகமாகக் காற்று வீசிக்கொண்டிருந்தன.