மூடி திறக்காத வாரம்

எலாதியோவால் மாடிப்படி ஏற முடியாமல் போன இலையுதிர்காலத்தில், கஞ்சாக் கிளைகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வேலை அவர் மனைவி விசென்தாவின் கைக்கு வந்தது. அவருக்கு முதுகெலும்பில் புற்று. கொல்லையில் அவரே வளர்த்த செடிகள்தான் இரவில் அவரைத் தூங்க வைத்தன. காம்பை வளைத்தால் படக்கென்று ஒடியும்வரை இருட்டு மச்சில் காயவிட்டு, பூக்களை ஆலிவ் ஜாடிகளில் போட்டு மூடினாள். அதுவரை எல்லாம் சரியாகவே செய்தாள்.

"மூடினதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காத. உள்ள இன்னும் ஈரம் இருக்கு. தினம் ஒருதரம் தொறந்து விடணும். அதுவும் மூச்சு விடணும்ல, என்னை மாதிரி" என்றார் கட்டிலிலிருந்து.

மறுநாள் மாதா வந்தாள். கண்ணாடிக் கதவு வைத்த சின்ன மரப்பெட்டிக்குள் நின்றபடி தெருவில் வீடு வீடாகப் போகும் சொரூபம். முறை வந்த வீட்டில் ஒரு வாரம் தங்குவாள். சாயங்காலம் பெண்கள் ஜெபமாலை சொல்லக் கூடுவார்கள். முதல் நாளே பக்கத்து வீட்டு சக்ராரியோ வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"என்னடி இது வாசனை?"

"பூனை அசிங்கம் பண்ணிடுச்சு."

"உன் வீட்ல ஏது பூனை?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விசென்தாவுக்குக் காது மடல் எரிந்தது. அதன் பிறகு மாதா வீட்டில் இருந்தவரை அவள் ஜாடிகளைத் தொடவே இல்லை.

"தொறந்தியா?" என்று எலாதியோ தினமும் கேட்டார்.

"தொறந்தேன்."

பெட்டி அடுத்த வீட்டுக்குப் போன அன்று திறந்தாள். கழுவாத தொழுவத்தின் நெடி முகத்தில் அடித்தது. எல்லா ஜாடிகளிலும் பூக்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பூஞ்சை பின்னிக் கிடந்தது. எலாதியோ ஜாடியைக் கேட்டு வாங்கி முகர்ந்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமலே, "சரி விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அவருக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது இருவருக்கும் தெரியும். வலியின் முனகல் அவள் காதில் விழக்கூடாதென்று தலையணை ஓரத்தைக் கடித்துக்கொண்டே மிச்ச இரவுகளைக் கழித்தார். அந்தத் தலையணை உறையை அவள் இன்னும் துவைக்கவில்லை. ஜாடிகளைக் கொட்டவும் இல்லை. அலமாரியில் கொண்டைக்கடலைப் பைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள்.

அவர் போன பிறகு, வசந்தத்தில் மாதாவின் முறை மறுபடி வந்தது. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த சக்ராரியோ அதை மேசைமேல் வைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, மேலாடைப் பையிலிருந்து காலி ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்தாள்.

"கேக்கவே கூச்சமா இருக்கு. என் இடுப்பு வலிக்கு எலாதியோதான் வருஷா வருஷம் கொஞ்சம் கொடுப்பாரு. உனக்குத் தெரிஞ்சா நீ சங்கடப்படுவேன்னு சொல்ல வேணாம்னுட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அன்னிக்குப் பூனைன்னியே! வீட்டுக்குப் போயும் எனக்குச் சிரிப்பு அடங்கல. அந்த வாசனை வந்தாத்தான், அப்பாடா, அவருக்கு மருந்து தயாராயிடுச்சுன்னு எங்களுக்கு நிம்மதி. மிச்சம் ஏதாவது வச்சிருக்கியாடி?"

 விசென்தாவின் கண் தானாக அலமாரிப் பக்கம் போனது. அதைப் பார்த்த சக்ராரியோ, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து மாதாவின் பக்கத்தில் வைத்தாள். நன்றாகக் கழுவித் துடைத்த பாட்டில். அதன் வாய் விசென்தாவைப் பார்த்துத் திறந்திருந்தது.